எல்லைக் கிராமங்களின் பழைய வீடுகள்: பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்

(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் கோயிலையும் உத்ஸவத்தையும் சமாராதனையையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். அவற்றைச் சொல்ல இந்தச் சபையில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வீடு. நம்மில் பலருக்குப் பங்கு இருக்கிற, ஆனால் யாரும் குடியிருக்காத, சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாத அந்தப் பழைய வீடு.

எல்லா ஊர் வீட்டையும் பற்றிப் பேச நேரமில்லை. நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று போகும் சாலையின் இரு பக்கத்துக் கிராமங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தூரம் அதிகமில்லை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு பாஷையும் இரண்டு கட்டடமுறையும் இந்த இடத்தில் கலந்திருப்பதுபோல் வேறு இடத்தில் காண்பது அபூர்வம்.

1956 நவம்பர் 1 வரை இது ஒரே நாடு. முதலில் திருவிதாங்கூர். பின்னால் திருவிதாங்கூர்–கொச்சி. அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லா ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்குப் பக்கத்தில் எல்லை விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கல்குளத்தில் இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை, நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும், இன்றும் கேரளத் தொல்பொருள் இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கிறது. கோடு போட்டவர்களுக்கே அந்தக் கட்டடத்தைக் கோட்டுக்குள் அடைக்க முடியவில்லை. அந்தப் பக்கத்துச் சாதாரண வீடுகளின் கதையும் அதுதான்.

இங்கே இரண்டு வகை வீடுகளைப் பார்க்கலாம். ஒன்று வரிசை வீடு. தமிழ்நாட்டில் அக்ரஹாரம் என்போம், கேரளத்தில் 'கிராமம்' என்றாலே அதுதான் அர்த்தம். மற்றொன்று பறம்பின் நடுவே தனியாக நிற்கும் வீடு. மலையாளத்தில் வீட்டின் பெயரே அதில் இருப்பவர் யார் என்று சொல்லிவிடும். நம்பூதிரிக்கு இல்லம் அல்லது மனை, நாயருக்கு வீடு, தமிழ்ப் பிராமணருக்கு மடம். 'எந்த மடம்?' என்று கேட்டால் சன்னியாசி மடம் என்று நினைக்க வேண்டாம், நம் வீட்டைத்தான் கேட்கிறார்கள்.

வரிசை வீட்டை எல்லோரும் அறிவீர்கள். தெருவிலிருந்து ஏறினால் திண்ணை. பிறகு ரேழி. அதைத் தாண்டிக் கூடம், முற்றம், ஒரு பக்கம் ஸ்வாமி அறை, உள்ளே அடுக்களை, இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை, மாட்டுக் கொட்டில். அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசலில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும். இதில் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது பக்கத்துச் சுவர். அது நம் சுவர் மட்டும் இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கும் அதுதான் சுவர். இரண்டு வீட்டு உத்தரங்களும் ஒரே சுவரில் உட்கார்ந்திருக்கும். அதனால் வரிசையில் ஒரு வீட்டை இடித்தால் இடது பக்கமும் வலது பக்கமும் ஆட்டம் காணும். கூரைத் தண்ணீர் போக வழி மாறும், நேற்றுவரை உள்சுவராக இருந்தது இன்று மழையில் நனையும் வெளிச்சுவர் ஆகும். கிராமத்து வீடு தனியாக வாழத் தெரியாத வீடு.

பறம்பு வீடு அப்படியில்லை. வசதி உள்ளவர்கள் நாலுகெட்டு கட்டினார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி என்று நான்கு கட்டுகள். அதைவிடச் சிறியதாக, தென் திருவிதாங்கூருக்கே உரியதாக இருப்பது அறப்புரை. வீட்டின் நடுவில் நெல் போட்டு வைக்கும் மர அறை. அதன் சுவர் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. தூண்களில் காடி வெட்டி, தடித்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். இதற்கு நிரை என்று பெயர். 'அறையும் நிரையும்' உள்ள வீடு என்றால் அந்தக் காலத்தில் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். நெல்லுக்குக் கீழே ஈரம் வராமலிருக்கத் தரையை உயர்த்தி, அடியில் காற்று போக இடம் விட்டிருப்பார்கள். வீட்டிலேயே உசந்த மரம் மனிதர் படுக்கும் அறைக்கு இல்லை, நெல் இருக்கும் அறைக்குத்தான்.

எல்லைக் கிராமங்களில் இந்த இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டன. நம் கிராமத்து வீட்டில் திண்ணையும் ரேழியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. ஆனால் மேலே நிமிர்ந்து பார்த்தால் மலையாளத்து மரக்கூரை. மழை அதிகமாதலால் சரிவு கூடுதல், இறவாரம் தாழ்வு. உயரமானவர்கள் தலை குனியாமல் நுழைய முடியாது. முகப்பில் மரச் செதுக்கு வேலை, அதன் இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியே போகும். வெயில் நேரே சுவரில் விழாது, மழைச் சாரல் உள்ளே வராது. மின்விசிறி இல்லாத காலத்தில் சித்திரை மாதத்து மத்தியானம் கூடத்தில் படுத்துத் தூங்கினோம் என்றால் அதற்கு இந்த இறவாரமும் முற்றமும்தான் காரணம்.

பொருட்கள் எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தவை. அஸ்திவாரத்துக்குக் கருங்கல். சுவருக்கு வெட்டுகல் அல்லது குழைத்த மண். பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தது. மரத்தில் தேக்கு, ஆஞ்சிலி, பலா. கழுக்கோலுக்கு முற்றிய பனை. கூரைக்கு முதலில் முடைந்த ஓலை, வசதி வந்தபின் நாட்டு ஓடு. மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அந்தத் தட்டை ஓடு மெல்ல மெல்லத் தெற்கே வந்து நாட்டு ஓட்டின் இடத்தைப் பிடித்தது. இன்று 'பாரம்பரிய ஓடு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த ஜெர்மானியப் பாதிரிமார்களின் ஓடுதான். பழைய வீடு புதியதைத் தள்ளவில்லை, தனக்குப் பொருந்தினால் ஏற்றுக்கொண்டது.

இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் பத்மநாபபுரம் போக வேண்டும். 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ராஜ்யம் அங்கிருந்துதான் நடந்தது. பூமுகத்து மச்சில் செதுக்கிய பூக்களையும், சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்லப்படும் கறுப்புத் தரையையும், மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து போஜனம் செய்யும்படி கட்டிய ஊட்டுப்புரையையும் பார்க்கலாம். 2014-ல் இந்தியா அதை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனை பெரியது என்பதைத் தவிர, அதன் உத்தரமும் கழுக்கோலும் பட்டியலும் சேர்ந்திருக்கும் விதம் பாறசாலைப் பக்கத்து ஓர் எளிய வீட்டில் இருப்பதேதான். ஒரே கைகளின் வேலை.

அந்தக் கைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆசாரிமார்களின் சாஸ்திரத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 'மனுஷ்யாலய சந்திரிகை' 16-ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் எழுதியது. அளவு கோல் கணக்கில். ஒரு கோலுக்கு 24 விரல், இன்றைய கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். நீளம் அகலத்தை அவர்கள் தனித்தனியாக நிச்சயிப்பதில்லை. முதலில் சுற்றளவு. அதை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மிஞ்சுவது யோனி. அது ஒற்றைப்படையாக வந்தால்தான் வீட்டுக்கு உசிதம். கிழக்குக் கட்டுக்கு ஒன்று, தெற்குக்கு மூன்று, மேற்குக்கு ஐந்து, வடக்குக்கு ஏழு. இதில் நம்பிக்கை இருப்பவர்களும் இல்லாதவர்களும் இந்தச் சபையில் இருப்பீர்கள். என் கவனம் வேறு. காகிதத்தில் வரைபடம் இல்லாமல், ஒரு கோலும் ஒரு மனக்கணக்கும் வைத்துக்கொண்டு, எந்த உத்தரம் எவ்வளவு நீளம், எத்தனை கழுக்கோல் என்று மரத்தைத் தரையிலேயே வெட்டி முடித்துப் பிறகு மேலே ஏற்றினார்கள். இரும்பு ஆணி கிடையாது. ஒன்றில் துளை, மற்றதில் நாக்கு, நடுவே மர ஆணி. கழுக்கோல்களைக் கோத்துப் பிடிக்க ஊடே வளை.

இதனால் ஒரு பலன் உண்டு. இப்படிக் கட்டிய கூரையைக் கழற்றலாம். ஒரு கழுக்கோல் உளுத்துப்போனால் அதை மட்டும் எடுத்து வேறு வைக்கலாம். வீட்டையே பிரித்து வேறு ஊரில் பூட்டவும் செய்யலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் கேரளத்து மரவீடுகள் அப்படித்தான் வந்து நிற்கின்றன. குமரகத்தில் உல்லாசப் பிரயாணிகள் தங்கும் குடில்களில் பலவும் எங்கோ பிரித்த பழைய வீடுகளே. ஆகவே இந்த வீடுகளுக்கு வயதாகிவிட்டது, அதனால் விழுகின்றன என்று சொல்வது சரியில்லை. பழுதான அங்கத்தை மாற்றி மாற்றி எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் ஓட்டும்படி கட்டியவை அவை.

பெருமையைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வீட்டைக் கட்டிய ஆசாரியின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. க்ருஹப்பிரவேசத்துக்குப் பிறகு அவர் தாம் கட்டிய கூடத்துக்குள் வர முடியாத காலம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஓடு வேய்வதும் மாடி கட்டுவதும் எல்லா ஜாதியாருக்கும் அனுமதித்த காரியம் இல்லை. நம் அழகான கிராமத் தெருவில் எல்லோரும் நடக்கவும் முடியாது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-ல் வில்லுவண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் போனதே ஒரு போராட்டம். கோயில் பிரவேச விளம்பரம் வந்தது 1936-ல். ஆகையால் இந்த வீடுகள் நம் முன்னோர்களின் சொத்து என்று மட்டும் பார்த்தால் போதாது. கல் சுமந்தவர், மண் குழைத்தவர், ஓலை முடைந்தவர், மரம் இழைத்தவர் எல்லோருடைய அறிவும் அதில் இருக்கிறது. காப்பாற்றினால் அவர்கள் வேலையைக் காப்பாற்றுகிறோம்.

சரி, இவ்வளவு கெட்டியான வீடு ஏன் விழுகிறது? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது நிலம். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை இல்லாமல் போனது. உழுதவர்களுக்கு நிலம் கிடைத்தது, அது நியாயம்தான். ஆனால் பாட்டநெல்லை நம்பியிருந்த வீடுகளில் அறை காலியாயிற்று. ஓடு மாற்றுகிற செலவு அந்த நெல்லிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த தலைமுறை உத்தியோகத்துக்காகப் பம்பாய்க்கும் தில்லிக்கும் மதராஸுக்கும் போனது.

இரண்டாவது சட்டம். கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1975-ல் இயற்றி 1976 டிசம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்து அன்றைக்கே அவரவர் பங்காகப் பிரிந்துவிட்டதாகக் கணக்கு. காகிதத்தில் பிரிந்தது, ஆனால் கூடத்தையும் முற்றத்தையும் எப்படிப் பிரிப்பது? இன்று ஒரு வீட்டுக்குப் பதினாலு பங்குதாரர்கள். பெரியப்பா பிள்ளைகள் மும்பையில், அத்தை பேரன் பெங்களூரில், சித்தப்பா பெண் அமெரிக்காவில். ரிப்பேர் செய்ய ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, விற்கப் பதினாலு கையெழுத்து வேண்டும். எல்லோருக்கும் சொந்தமானது ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் ஆகிறது.

மூன்றாவது பூட்டு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆள் இருக்கும் வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது. அந்தப் புகை கூரை வரை போய் மரத்தில் பூச்சி அண்டாமல் காத்தது. ஜன்னல் திறந்ததால் ஈரம் தங்கவில்லை. பெருக்கும்போது கரையான் கோடு கண்ணில் பட்டது, அன்றைக்கே தட்டிவிட்டார்கள். இடவப்பாதி மழைக்கு முன் ஓடு பார்த்தார்கள். மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார்கள். பூட்டிய வீட்டில் இது ஒன்றும் கிடையாது. ஒரு ஓடு நகர்கிறது. அந்த இடத்தில் ஒரு மழைக்காலம் சொட்டுகிறது. பட்டியல் இற்றுப்போகிறது, அதன் மேலிருந்த பத்து ஓடு சரிகிறது. தண்ணீர் நேராகச் சுவரின் தலையில் இறங்குகிறது. மண் சுவருக்கு மேலிருந்து வரும் தண்ணீரே யமன். சில வருஷங்களில், சொற்பச் செலவில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒருவராலும் செய்ய முடியாத வேலையாகிவிடும். பிறகு மர வியாபாரி வருகிறார். கதவும் தூணும் நிரைப் பலகையும் லாரியில் ஏறுகின்றன. வரிசை வீடானால் அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் வயதான மாமியின் சுவரில் அந்த வருஷமே விரிசல்.

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணஸ்வாமி கோயில் வளாகத்தில் அம்மச்சி ப்லாவு என்ற பலாமரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது ஐதிகம். அந்த மரம் பட்டுப்போய்விட்டது. ஆனாலும் மிஞ்சிய கட்டையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதே பலாமரத்தில் செய்த தூணும் உத்தரமும் நம் வீட்டில் இருக்கின்றன. அவற்றுக்குப் பாதுகாப்பு நம்மைவிட்டால் யார்?

'யார் ஸ்வாமி அங்கே போய் இருப்பது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கழிப்பறை கொல்லைக் கோடியில். கூடத்தில் பகலிலும் இருட்டு. முழங்கால் வலிக்காரர்களுக்குத் திண்ணைப் படியே ஒரு மலை. அந்த வீட்டில் இரவும் பகலும் அடுக்களையிலேயே கழித்த பாட்டிமார்களைக் கேட்டால் இவ்வளவு புகழ மாட்டார்கள். எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது, விற்பது பாபமும் இல்லை. கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் விற்றவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு செய்வதற்கு முன் நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

ஒன்று, பங்குதாரர்கள் ஒருமுறை சேர்ந்து பேசி, ஒருவரைப் பொறுப்பாளராக எழுத்து மூலம் நியமியுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மழைக்கு முன் ஓடு பார்க்கிற செலவைப் பதினாலாகப் பிரித்தால் ஒருவருக்கு ஓர் ஓட்டல் சாப்பாட்டுக் காசுதான். கூரை நின்றால் மற்றது நிற்கும்.

இரண்டு, வீட்டில் ஆளை வையுங்கள். வக்கீலைக் கலந்து சரியான ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, வாடகை குறைவானாலும் ஒரு குடும்பம் இருக்கட்டும். நம் ஜாதிக்காரர் கிடைத்தால்தான் என்று காத்திருந்து பல வீடுகள் மண்ணாயின. அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் ஒரு குளியலறை கட்டிக் கொடுத்தால் எந்த சாஸ்திரமும் கெடாது.

மூன்று, வரிசை வீட்டை இடிப்பதென்றால் முதலில் பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். பொதுச் சுவரை நிறுத்தி, அதன் தலைக்கு மூடி போட்டு, வெளிப்பக்கம் பூசிக் கொடுத்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

நான்கு, விற்றேதான் ஆகவேண்டும் என்றால், அதற்கு முன் அளந்து வையுங்கள். ஒரு டேப்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அறை அறையாக நீளம், அகலம், உயரம். எந்த மரம் எங்கே. கதவு, தூண், முகப்பு எல்லாவற்றுக்கும் படம். ஊரில் வயதான ஆசாரி யாராவது இருந்தால் அழைத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அவர் பெயரையும் சேர்த்து. ஆரன்முளையில் கேரள அரசின் வாஸ்துவித்யா குருகுலம் 1993 முதல் இருக்கிறது. இந்த வித்தையைக் கற்றவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

பழைய முறையென்றால் புதிய வீட்டுக்கு உதவாது என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே காலமான லாரி பேக்கர், நம் நாட்டுக் கிராமத்து வீடுகளைப் பார்த்துப் பாடம் கற்றார். உள்ளூர்ச் செங்கல், சுண்ணாம்பு, நீண்ட இறவாரம், காற்றுக்கு ஜாலி, நடுவே முற்றம் என்று குறைந்த செலவில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்டினார். உள்ளூரின் பனை மரத்தையும் சுண்ணாம்பையும் நாம் விட்டுவிட்டு, கான்கிரீட் மொட்டை மாடி போட்டு, அதன் சூடு தாங்காமல் மேலே தகரக் கூரை ஒன்று வேய்ந்துகொண்டிருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார்.

கோயிலுக்கு ஜீர்ணோத்தாரணம் என்றால் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் நாம் பணம் அனுப்புகிறோம். அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றி இருந்த தெரு போய்விட்டால், உத்ஸவத்துக்கு வருகிற ஸ்வாமிக்குத் தீபாராதனை காட்ட ஒரு திண்ணைகூட மிஞ்சாது. இந்த வருஷம் ஊருக்குப் போகும்போது தரிசனம் முடிந்ததும் நேரே ரயிலுக்குத் திரும்பாமல், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, கதவைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, மேலே நிமிர்ந்து ஓட்டைப் பாருங்கள். வெளிச்சம் தெரிகிற இடம் இருந்தால் அன்றைக்கே ஓர் ஆளைக் கூப்பிட்டு அடைத்துவிட்டு வாருங்கள்.